நீதிபோதனை வகுப்புக்கு வந்த பிரபு

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தபோதே சொல்லிவிட்டார்கள், "ஸ்கூல் ஞாபகம் ஏதாவது எழுதுங்கக்கா, ஆனா கேட்டுக்கு வெளியே வித்த மாங்கா பத்தை மட்டும் வேண்டாம், போன மலர்ல மூணு பேர் அதையேதான் எழுதியிருந்தாங்க" என்று. சரி, மாங்காய் பத்தை இல்லை. ரத்தம் குடிக்கும் டிராகுலா பிரபுவைப் பற்றி எழுதுகிறேன். நம் பள்ளிக்கும் டிராகுலாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் 1983இல் ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவில் இல்லாதவர்கள். இருந்தவர்களுக்கு இந்நேரம் சிரிப்பு வந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் எங்களுக்கு நீதிபோதனை. அதற்கு ஒரு ஒல்லிப் புத்தகம் உண்டு. ஆகஸ்டுக்குள் அது முடிந்துவிட்டது, மிச்ச வருஷத்துக்கு நீதி தீர்ந்துபோயிற்று. அந்தப் பீரியடை எடுத்தவர் எங்கள் இங்கிலீஷ் டீச்சர். ஒருநாள் வந்தார், வெயில் அடிக்கிறது என்று மேற்குப் பக்கத்து ஜன்னல்களைச் சாத்தச் சொன்னார் (வேலூர் வெயிலை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை), அரை இருட்டில் மேஜை விளிம்பில் சாய்ந்துகொண்டு, "லண்டன்லேருந்து ஒரு சின்ன வக்கீல் ரயில் ஏறி ஒரு பெரிய கோட்டைக்குப் போறான்" என்று ஆரம்பித்தார். அப்புறம் அரையாண்டுப் பரீட்சை வரைக்கும் ஒரு வெள்ளிக்கிழமைகூட யாரும் லீவு போடவில்லை.

ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு என்று நம் ஊரைக் கேலி செய்யும் பட்டியலைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். (சாமி 1981இலேயே ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார், பட்டியலைத்தான் யாரும் திருத்தவில்லை.) டீச்சர் அந்த ராஜா இல்லாத கோட்டைக்கு ஒரு பிரபுவைக் கொண்டுவந்து குடிவைத்தார். டிராகுலாவின் கோட்டையைச் சுற்றி அகழி, அகழியில் முதலை. "நம்ம கோட்டையில கண்டி ராஜாவை அடைச்சு வச்சிருந்தாங்க இல்ல, அந்த மாதிரி அங்க நம்ம வக்கீல் ஜோனதன்" என்பார். திப்புவின் குடும்பத்தையும் அங்கேதான் வைத்திருந்தார்கள் என்று அப்போதுதான் வரலாற்றுப் பாடத்தில் படித்திருந்தோம், அதனால் கோட்டை என்றாலே உள்ளே யாரோ வெளியே வர முடியாமல் இருக்கிறார்கள் என்பது எங்களுக்கு இயல்பாகவே பிடிபட்டது. ஜோனதன் போகிற வழியில் மிளகாய்த்தூள் போட்ட கோழி சாப்பிட்டுவிட்டு, செய்முறையைத் தான் கட்டிக்கொள்ளப் போகிற மீனாவுக்காகக் கேட்டு வாங்க வேண்டும் என்று டைரியில் குறித்துக்கொள்கிறான். அது புத்தகத்திலேயே இருக்கிறது. டீச்சர் சேர்த்தது, அது நம் ஊர்க் கோழிக் குழம்பு மாதிரியே இருந்தது என்பதை மட்டும்.

மீனா. வெள்ளைக்காரப் பெண்ணுக்கு மீனா என்று பெயர் இருக்க முடியும் என்பதே எங்களுக்குப் பெரிய விஷயம். அவளுக்குச் சுருக்கெழுத்து தெரியும், டைப்ரைட்டிங் தெரியும். ரயில் நேரமெல்லாம் மனப்பாடம். கதையில் ஆளாளுக்கு டைரி எழுதுகிறார்கள், கடிதம் போடுகிறார்கள், டாக்டர் ஒருவர் மெழுகு உருளையில் பேசிப் பதிவு செய்கிறார். இதையெல்லாம் தேதிவாரியாகச் சேர்த்து மூன்று பிரதி டைப் அடித்து வைப்பவள் மீனாதான். பிரபு வந்து எல்லாவற்றையும் நெருப்பில் போடுகிறான், ஆனால் இன்னொரு பிரதி இரும்புப் பெட்டியில் இருக்கிறது! இந்த இடத்தில் வகுப்பே கைதட்டியது. பள்ளி விட்டதும் தோட்டப்பாளையத்தில் இன்ஸ்டிடியூட்டுக்கு ஓடி லோயர் பரீட்சைக்கு 'ஏ எஸ் டி எஃப்' தட்டிக்கொண்டிருந்த அக்காக்களை எங்களுக்குத் தெரியும். கார்பன் தாள் ஒரு பிசாசைத் தோற்கடிக்கும் என்று யாரும் எங்களுக்கு அதுவரை சொன்னதில்லை.

என் பக்கத்தில் உட்கார்ந்தவள் காட்பாடிக்காரி, அப்பா ரயில்வேயில் இருந்தார். எந்த வண்டி எத்தனை மணிக்கு ஜங்ஷனுக்கு வரும், எது தாமதமாகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். மீனாவை அவள் தன் சொந்தக்காரி மாதிரியே நடத்தினாள். பின் பெஞ்சில் இருந்த கொசப்பேட்டைக்காரி வேறு ரகம், பயந்தாங்கொள்ளி, ஒரு மாதம் கழுத்தில் கயிற்றில் பூண்டுப் பல் கட்டிக்கொண்டு வந்தாள், பிரேயரில் பக்கத்தில் நிற்க முடியாது. பிற்பாடு அவள்தான் நர்ஸாகி ஆயிரம் பேருக்கு ஊசி குத்தினாள்.

கடைசி வெள்ளிக்கிழமை. சூரியன் மறையப் போகிறது, பெட்டிக்குள் பிரபு, மறைந்துவிட்டால் அவன் எழுந்துவிடுவான். மீனா ரயில் கணக்குப் போட்டு, ஆற்றுவழி கணக்குப் போட்டு, இந்த இடத்தில் இந்த நேரத்தில் வருவான் என்று கண்டுபிடித்து, குதிரையிலிருந்து குதித்து, கூர்க்கா கத்தியை எடுத்து... பெல் அடித்தது. டீச்சர் பெல்லைச் சட்டை செய்யாமல் முடித்தார். கத்தி இறங்கியது, பிரபு தூளாகிப் போனான்.

இருபது வருஷம் கழித்து சிங்கப்பூர் நூலகத்தில் மூலத்தை எடுத்துப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! பிராம் ஸ்டோக்கர் 1897இல் எழுதிய புத்தகத்தில் அகழி கிடையாது, முதலை கிடையாது, கோட்டை ஒரு செங்குத்துப் பாறையின் விளிம்பில் நிற்கிறது. கூர்க்கா கத்தி இருக்கிறது, ஆனால் அது ஜோனதன் கையில். இன்னொரு கத்தி டெக்ஸாஸ்காரன் குவின்சி மாரிஸ் கையில். மீனா கைத்துப்பாக்கியோடு பாறைக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதோடு குவின்சி செத்துப்போகிறான்! டீச்சர் அவனை நல்லபடியாகக் கப்பல் ஏற்றி ஊருக்கு அனுப்பி வைத்திருந்தார். மூல ஆசிரியர் எங்கள் கதையைக் கெடுத்துவிட்டார் என்று நினைத்தேன், அப்படி நினைப்பது அபத்தம் என்று தெரிந்தும்.

இந்த நிலையில்தான் 2009இல் இரண்டாம் பாகம் வந்தது. எழுதியவர்கள் இரண்டு பேர். ஒருவர் டேக்கர் ஸ்டோக்கர், பிராம் ஸ்டோக்கரின் சகோதரர் வழியில் வந்த கொள்ளுப்பேரன், இன்னொருவர் இயன் ஹோல்ட் என்ற திரைக்கதை ஆசிரியர். பிராம் தன் நாவலுக்கு முதலில் யோசித்து வைத்திருந்த 'தி அன்-டெட்' என்ற பெயரையே இவர்கள் தலைப்பில் சேர்த்துக்கொண்டார்கள். குடும்பத்துக்கு ஒரு பழைய வருத்தமும் உண்டு. அமெரிக்காவில் காப்புரிமை சரியாகப் பதிவாகாமல் கைவிட்டுப் போனது. 1922இல் ஜெர்மனியில் அனுமதி வாங்காமலே படம் எடுத்தார்கள், பிராமின் மனைவி கோர்ட்டுக்குப் போய்ப் பிரதிகளை அழிக்கச் சொல்லித் தீர்ப்பு வாங்கினார், அப்படியும் படம் பிழைத்துக்கொண்டது (இரத்தக்காட்டேரி படம், சாகுமா). அதனால் வீட்டு ஆளே எழுதுகிறார் என்றதும் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது. டேக்கர் முன்பு பென்டத்லான் விளையாட்டுப் பயிற்சியாளர் என்று கேள்விப்பட்டதும், "பி.டி. மாஸ்டர் எழுதின கதையா?" என்றாள் காட்பாடிக்காரி போனில்.

2010 பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு போனேன். சத்துவாச்சாரியில் நர்ஸ் வீட்டு மொட்டைமாடியில் எட்டுப் பேர் கூடினோம். நான் இருந்த மூன்று வாரத்தில் அந்தப் புத்தகம் மூன்று வீடு சுற்றியது, திரும்பி வரும்போது அட்டையில் டீ கிளாஸ் வைத்த வட்டம், உள்ளே பென்சில் குறிப்புகள். அதை இன்னும் வைத்திருக்கிறேன், இதை எழுதும்போதும் மேஜையில்தான் இருக்கிறது.

புத்தகத்தைப் படிக்கப் போகிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். கதை 1912இல் நடக்கிறது. பிசாசை ஒழித்தவர்கள் யாருமே நன்றாக இல்லை. ஜோனதன் குடிகாரன், டாக்டர் சீவர்ட் மார்ஃபின் ஊசிக்கு அடிமை, மீனாவுக்கும் ஜோனதனுக்கும் ஒத்துப்போகவில்லை. செத்த நண்பனின் பெயரை வைத்த மகன் குவின்சி வளர்ந்துவிட்டான், நாடகப் பைத்தியம். பிராம் ஸ்டோக்கரே ஒரு பாத்திரமாக வந்து தன் நாவலை மேடையேற்றப் பாடுபடுகிறார். பாத்தரி என்ற சீமாட்டி புது வில்லி, அவளை வைத்துப் பார்த்தால் டிராகுலா ரொம்ப நல்லவன். நம் சினிமாவில் முதல் படத்து வில்லன் அடுத்த படத்தில் அண்ணன் ஆகிவிடுவதைப் போல. எல்லாவற்றுக்கும் மேல், மீனாவுக்கு டிராகுலா மீது காதல், மகன் ஜோனதனுக்குப் பிறந்தவனே இல்லையாம்.

மாடியில் கூச்சல் எழுந்தது இதற்குத்தான். நர்ஸ் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். மூல நாவலில் பிரபு மீனாவிடம் வந்த சேதி அக்டோபர் 3 தேதியிட்ட பக்கங்களில் இருக்கிறது. பிரபு தூளானது நவம்பர் 6. குழந்தை பிறந்ததும் குவின்சி மாரிஸ் செத்த அதே தேதியில்தான் என்று ஜோனதனே கடைசிக் குறிப்பில் சந்தோஷமாக எழுதுகிறான். அப்படியானால் குறைந்தது அடுத்த வருஷத்து நவம்பர் 6. "பதிமூணு மாசம்டி! யானையாடி அவ?" இதே நர்ஸ்தான் முதல் புத்தகத்தில் மீனாவின் தோழி லூசிக்கு நான்கு ஆண்கள் மாற்றி மாற்றி ரத்தம் கொடுக்கும் இடத்தையும் விடமாட்டாள். ரத்தத்தில் வகை இருக்கிறது என்று லாண்ட்ஸ்டைனர் கண்டுபிடித்ததே 1901 வாக்கில்தான், அதற்கு முன்பே நான்கு பேர் ரத்தத்தை ஏற்றினால் லூசியைக் கொல்ல டிராகுலா எதற்கு என்பாள். வீட்டுக்கு ஒருவராவது ரத்தம் கொடுத்திருக்கிற ஊர் நம்முடையது, சி.எம்.சி.க்கு வருகிற முன்பின் தெரியாத வெளியூர் நோயாளிக்குக்கூட. அந்த ஊரில் உட்கார்ந்து இந்தக் கதையைப் படித்தால் இப்படித்தான் கேள்வி வரும்.

ஆனால் எல்லாரும் திட்டவில்லை. எனக்கு அந்தக் குடிகார ஜோனதன் பிடித்திருந்தது. அப்படி ஒன்றைப் பார்த்தவன் பிறகு எப்படி நிம்மதியாகத் தூங்குவான்? முதல் புத்தகம் ஏழு வருஷம் கழித்து எல்லாரும் சௌக்கியம் என்று ஒரு பக்கத்தில் முடித்துவிடுகிறது, அதை நான் ஒருபோதும் நம்பியதில்லை. என் அம்மா ஒரு நாளும் டிராகுலா படித்தவர் அல்ல, நாங்கள் போட்ட சண்டையைக் கேட்டுவிட்டு அவர் தன் பழைய வழக்கை எடுத்தார். பொன்னியின் செல்வன் முடிந்தபோது கல்கியே முடிவுரை எழுதி வாசகர் கேட்டதற்குப் பதில் சொன்னார், அப்படியும் ஆறவில்லை, விக்கிரமன் நந்திபுரத்து நாயகி எழுதினார். அம்மா இரண்டையும் பைண்டு செய்து வைத்திருக்கிறார், ஆனால் ஒரே அலமாரித் தட்டில் அல்ல. "அதுவும் நல்லாத்தான் இருக்கும். ஆனா வந்தியத்தேவன் அதுல வேற ஆளு மாதிரி சிரிப்பான்" என்பார்.

காட்பாடிக்காரி பென்சிலில் எழுதியவைதான் சரியான இடத்தில் குத்துகின்றன. ஒரு பக்கத்து ஓரத்தில், "இதை யார் பார்த்து யாரிடம் சொன்னது?" நாலு பக்கம் தள்ளி, "டைரி எங்கே?" இன்னும் தள்ளி, பெரிதாக, "இதை மீனா டைப் அடிக்கவில்லை." எனக்கு அப்போதுதான் உறைத்தது. முதல் கதை முழுக்க டைரியும் கடிதமும் தந்தியும். இரண்டாவது பெரும்பாலும் சாதாரண நாவல் நடையில், யாரோ மேலே இருந்து சொல்வது போலப் போகிறது. காதல், பிள்ளை, பாத்தரி இதையெல்லாம்கூட மன்னித்திருப்பேன் போலிருக்கிறது. அவள் கையிலிருந்த வேலையைப் பிடுங்கிவிட்டுக் கையில் காதலைக் கொடுத்ததுதான் எனக்கு ஆகவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் டீச்சரைப் பார்க்கப் போனேன். காட்பாடி காந்தி நகரில் மகள் வீட்டில் இருந்தார். கண் ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம், பச்சை மறைப்பு கட்டியிருந்தது, படிக்கக் கூடாது. புத்தகத்தைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "சொல்லு, கேக்கறேன்" என்றார். அதற்கு முன்னால் என் வழக்கைத் தீர்த்துக்கொள்ள நினைத்துக் கேட்டேன், "மூலத்துல மீனா கத்தியே எடுக்கலையே டீச்சர்?"

சிரித்தார். "எடுக்கலதான். கடைசிப் பீரியடு, நாப்பது பொண்ணுங்க, பெல்லுக்கு அஞ்சு நிமிஷம். எல்லாக் கணக்கையும் போட்டவளைப் பாறைப் பக்கம் நிக்கவச்சு வேடிக்கை பாக்கச் சொல்றியா?"

நான் இரண்டாம் பாகத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். ஜோனதன் குடிப்பதைச் சொன்னேன், ஐயோ பாவம் என்றார். ஸ்டோக்கரே வருகிறார் என்றதும் ரசித்துக் கேட்டார். பாத்தரி வரை ஒழுங்காகத்தான் சொல்லிக்கொண்டு போனேன். மீனாவும் பிரபுவும் வருகிற இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது, தண்ணீர் குடித்தேன். அவர் மறைப்பு போட்ட கண்ணோடு என் பக்கம் திரும்பி, "மீனா இப்பவும் டைப் அடிக்கிறாளா?" என்று கேட்டார்.

"அடிக்கிறா டீச்சர், மூணு காப்பி" என்று சொல்லிவிட்டு, அங்கிருந்து கதையை என் இஷ்டத்துக்குக் கொண்டுபோனேன்.