எடை எழுதாத அட்டை

காது வலி என்றுதான் அந்த லேப்ரடாரை அழைத்து வந்தார்கள். ஒன்பது வயது, கருத்தடை செய்யாத பெண் நாய். மேசையில் தூக்கி வைக்க இரண்டு பேர் தேவைப்பட்டது. காதைச் சுத்தம் செய்து சொட்டு மருந்து கொடுத்து அனுப்பியிருப்பேன். வயிற்றைத் தாங்கிப் பிடித்திருந்த உதவியாளர்தான், "இங்கே ஏதோ தட்டுப்படுகிறது டாக்டர்" என்றார்.

நாய்க்கு வழக்கமாக ஐந்து ஜோடி பால் சுரப்பிகள். கட்டி அதிகம் வருவது பின்னாலுள்ள இரண்டு ஜோடிகளில். பருத்த நாய்க்குக் கொழுப்பு மெத்தை போல மண்டிக் கிடப்பதும் அங்கேதான். ஒல்லியான நாயிடம் பட்டாணி அளவிலேயே விரலில் அகப்பட்டுவிடும் கட்டி, இவளிடம் நான்கு சென்டிமீட்டர் வளரும்வரை ஒளிந்திருந்தது. மூன்றைத் தாண்டினால் பிழைப்பதற்கான வாய்ப்பு குறையத் தொடங்கும். அதற்கு முந்தைய ஆண்டும் அவள் என்னிடம்தான் வந்திருந்தாள், தோல் அரிப்புக்காக. அன்று நான் வயிற்றைத் தடவிப் பார்க்கவில்லை.

அறுவைக்கு முன் எடுத்த ரத்தத்தில் சீரம், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர், கொழுப்பால் பாலாக வெளுத்திருந்தது. விசாரித்தால், காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டிருக்கிறாள். பன்னிரண்டு மணி நேரம் பட்டினி போட்டு மறுபடி எடுத்தோம். சீரம் தெளிந்துவிட்டது, ஆனால் கொலஸ்டிராலும் டிரைகிளிசரைடும் வரம்புக்கு மேல்தான் நின்றன. நாயின் ரத்தத்தில் கொலஸ்டிராலைப் பெரும்பாலும் சுமப்பது 'நல்ல கொலஸ்டிரால்' எனப்படும் எச்டிஎல் என்பதால், மனிதர்களைப் போல மாரடைப்பை நினைத்து நாங்கள் பதறுவதில்லை. தைராய்டு, சர்க்கரை, அட்ரீனல் என்று வேறு காரணங்களைத் தேடுவோம். தேடினோம், ஒன்றும் சிக்கவில்லை. மிஞ்சியது பருமன்தான். ஒன்பது படி உடல்வாகு அளவுகோலில் அவள் எட்டு. விலா எலும்பை உணர விரலை அழுத்த வேண்டியிருந்தது.

அந்த எண்கள்தான் கட்டியை உண்டாக்கின என்று சொல்லத் துணிய மாட்டேன். ஆனால் கொழுப்பைச் சும்மா கிடக்கும் சரக்கு என்று நினைத்திருந்த என் படிப்பு தவறு. கொழுப்புத் திசுவிலுள்ள அரோமட்டேஸ் என்ற நொதி ஆண் ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. கொழுப்பே சுரக்கும் ஹார்மோன்களில், பருமன் கூடக்கூட லெப்டின் ஏறுகிறது, அடிபோனெக்டின் இறங்குவதாகவும் பல ஆய்வுகள் சொல்கின்றன. பால் சுரப்பிச் செல்களைப் பெருகத் தூண்டும் சூழல் அது.

"நன்றாகச் சாப்பிடுகிறாளே என்று மகிழ்ந்தோம் டாக்டர்" என்றார் அந்த அம்மா. கருத்தடை பற்றியும் கேட்டார். 1969ஆம் ஆண்டின் ஓர் ஆய்வை எல்லோரும் மேற்கோள் காட்டுவோம்: கருத்தடை செய்யாத நாய்களின் ஆபத்தை நூறு என்று வைத்தால், முதல் சினைப்பருவத்துக்கு முன் செய்தால் 0.5, ஒரு பருவம் கழிந்தால் 8, இரண்டு கழிந்தால் 26. 2012இல் வந்த மதிப்பாய்வு ஒன்று, இதற்கான சான்றுகள் அவ்வளவு வலுவானவை அல்ல என்றது. ஒன்பது வயதில் அந்தக் கணக்கைச் சொல்லி அவரை வருத்துவதில் எனக்கு விருப்பமில்லை.

அறுவை நீண்டது. கையுறை வழுக்கியது; கொழுப்பில் தையல் பிடிக்காமல் அறுத்துக்கொண்டு வந்தது. மயக்க மருந்தையும் முழு எடைக்குக் கணக்கிட முடியாது, மெலிந்த உடலின் எடைக்கே கணக்கிட வேண்டும். காயத்தடியில் நீர் கட்டி, இரண்டு முறை உறிஞ்சி எடுத்தோம். பயாப்ஸியில் புற்றுநோய்தான், நுரையீரல் படங்கள் மட்டும் சுத்தமாக இருந்தன.

தையல் பிரித்த அன்று அவள் பழைய அட்டையைத் தேடி எடுத்தேன். இதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு வயதிலேயே பருமனாக இருந்த நாய்களுக்குப் பின்னாளில் பால் சுரப்பிக் கட்டி அதிகம் வந்தது என்று 1998இல் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு. ஒன்பது முதல் பன்னிரண்டு மாதங்களில் ஒல்லியாக இருந்த, கருத்தடை செய்த நாய்களுக்கு ஆபத்து குறைவு என்று 1991லேயே இன்னொன்று காட்டியிருந்தது. ஒரு வயதில் இவள் எப்படி இருந்தாள்?

அட்டையில் தடுப்பூசித் தேதி, அடுத்த தேதி, என் கையொப்பம் எல்லாம் இருந்தன. எடைக்கான கட்டம் காலி.