புரட்டாசி உப்பும் நாயின் வலிப்பு மருந்தும்

டர்பனில், சாட்ஸ்வர்த் பக்கம் நம் வீடுகளில் நாய்க்கென்று தனிச் சமையல் குறைவு. குழம்புச் சோறு, கருவாட்டுத் துண்டு, பன்னி சௌவில் (குழம்பு நிரப்பிய ரொட்டி) மிஞ்சிய ரொட்டி எல்லாம் அதன் தட்டுக்குத்தான் போகும். வலிப்புக்குப் பொட்டாசியம் புரோமைடு சாப்பிடும் நாயென்றால், அந்தத் தட்டிலுள்ள உப்பையும் மருந்துக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மூளை நரம்பணுக்களை அடக்கி வைக்கும் காபா என்ற வேதிப்பொருள், நரம்பணுவின் சவ்வில், உப்பிலுள்ள குளோரைடு நுழையும் வாசலைத் திறக்கிறது. ஃபீனோபார்பிட்டல் என்ற இன்னொரு வலிப்பு மருந்து அந்த வாசல் திறந்திருக்கும் நேரத்தை நீட்டும். புரோமைடு, குளோரைடைவிடச் சுலபமாக அதே வாசலில் புகுந்து நரம்பணுவை இன்னும் அமர்த்தும். இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது அதனால்தான். ஆனால் சிறுநீரகம் புரோமைடையும் குளோரைடையும் பிரித்துப் பார்ப்பதில்லை. உப்பு கூடினால் குளோரைடோடு புரோமைடையும் வெளியே தள்ளிவிடும். பீகிள் நாய்களில் அளந்தபோது, உணவில் குளோரைடு 0.2 சதவீதமாக இருக்கையில் ரத்தத்திலுள்ள புரோமைடு பாதியாகச் சுமார் 69 நாள் ஆனது. 1.3 சதவீதமானதும் 24 நாள்தான்.

இதைப் புரட்டாசி விரதத்தோடு வைத்துப் பாருங்கள். வீட்டில் கருவாடு நின்றால் நாயின் தட்டிலும் உப்பு குறையும். மருந்தைக் கூட்டாமலே புரோமைடு ஏறும். பின்னங்கால் தள்ளாடும், படியேறத் தயங்கும், எந்நேரமும் தூங்கி வழியும். விரதம் முடிந்து கருவாடு திரும்பினால் புரோமைடு இறங்கி, சில வாரங்களில் வலிப்பு மறுபடி வரலாம். கடற்கரையில் உப்புத் தண்ணீர் குடிக்கும் நாய்க்கும் இதே ஆபத்து.

ஆகவே வருடம் முழுக்க ஒரே தீனி போடுங்கள், மிச்சம் மீதி வேண்டாம். தனி மருந்தாகத் தொடங்கும்போது வழக்கமான அளவு நாளொன்றுக்குக் கிலோவுக்குச் சுமார் 40 மில்லிகிராம். உங்கள் நாய்க்கு எவ்வளவு என்று மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி வரலாம், சாப்பாட்டோடு கொடுங்கள். ரத்தத்தில் அளவு நிலைக்க ஏறக்குறைய 3 மாதம் பிடிக்கும். பலனில்லை என்று நடுவில் நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு 5 நிமிடம் தாண்டினால் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

புது மருத்துவரிடம் போனால் புரோமைடு என்று முதலிலேயே சொல்லுங்கள். பல ரத்தப் பரிசோதனைக் கருவிகள் புரோமைடையும் குளோரைடாக எண்ணிவிடும், குளோரைடு பொய்யாக ஏறித் தெரியும். வாந்திக்கு சலைன் ஏற்றினாலும், அதிலுள்ள உப்பால் புரோமைடு வெளியேறிக் குறைந்து போகும்.

பூனைக்கு இந்த மருந்தே கூடாது. நுரையீரலைப் பாதித்து, இருமலும் மூச்சுத்திணறலும் கொண்டுவரலாம்.