தேர்தல் வழக்கு யார் போடலாம்?

மதுரை பக்கத்துல இருக்குற திருமங்கலம்னு சொன்னாலே வெளியூர்க்காரங்க, ஓட்டுக்குப் பணம் கொடுத்ததா பேசப்பட்ட 2009 இடைத்தேர்தலைத்தான் கேக்குறாங்க. எங்க பக்கத்து ஆளுங்களுக்கு அது வலிக்கும்.

சட்டம் கையில இருக்குங்க. வேட்பாளரோ, அவர் சம்மதத்தோட வேற யாரோ ஓட்டுக்குப் பணம் கொடுத்தது நிரூபணமானா, ஜெயிச்சது செல்லாது. 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 123. வழக்குப் போட தோத்த வேட்பாளர்தான் வரணும்னு இல்ல. அந்தத் தொகுதி வாக்காளர் யாரும் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். முடிவு வந்து 45 நாளுக்குள்ள, 2,000 ரூபாய் டெபாசிட்டோட. ஒரு நாள் தாண்டினாலும் மனு நிக்காது.

6 மாசத்துல முடிக்க முயற்சி பண்ணணும்னு அதே சட்டம் சொல்லுது. பதவிக்காலமே முடிஞ்சும் இழுக்குற வழக்குகள் இருக்கு. தீர்ப்புக்கு ஒரு கறாரான கெடு வேணும். அடுத்து ஓட்டுக் கேட்டு வர்றவங்கிட்ட இதைக் கேளுங்க மக்களே.