காய்ந்த பிரஷ்

என் தம்பிக்கு 34 வயது. அறிவுசார் குறைபாடு உண்டு. பேச்சு என்று பார்த்தால் ஒரு பத்து வார்த்தை தேறும், அதிலும் பாதி எனக்குத்தான் புரியும். அம்மா போன பிறகு காப்பகத்தில் இருக்கிறான். வீட்டிலேயே வைத்துக்கொள்ளக் கூடாதா என்று உடனே கேட்டுவிடாதீர்கள், அதற்குத் தனியாக ஒரு பதிவே எழுத வேண்டும். இவனைப் போன்றவர்களுக்கு அடியும் பட்டினியும் காப்பகத்தில் மட்டும் இல்லை, வீட்டுக்குள்ளும் உண்டு என்பதை மட்டும் இப்போதைக்குச் சொல்லிவைக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன், முதலில் சேர்த்த இல்லத்தில் இருந்தபோது, இடது கன்னத்தில் தன்னைத்தானே அறைந்துகொள்ள ஆரம்பித்தான். போனில் கேட்டேன். "இவங்க எல்லாரும் அப்படித்தாங்க, குறைபாட்டோட சேர்ந்ததுதான்" என்றார்கள். டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்திருக்கிறார், அடங்கிவிடுவான் என்றார்கள். அடங்கத்தான் செய்தான். நான் போன அன்று மத்தியானம் எச்சில் வழிய, தலை தொங்க உட்கார்ந்திருந்தான், நான் வந்ததுகூடத் தெரியவில்லை. சரி, முகம் கழுவிவிடலாம் என்று பாத்ரூமுக்குக் கூட்டிப்போனேன். அங்கே அவன் பெயர் ஒட்டிய டம்ளரில் பல் தேய்க்கும் பிரஷ் இருந்தது, நாலு மாதத்துக்கு முன் நான் வாங்கிக்கொடுத்த அதே பிரஷ். ஒரு இழைகூட வளையவில்லை. தொட்டால் விறைப்பாக இருந்தது, அடியில் தூசி. வாயைத் திறடா என்றேன். கடைவாய்ப் பல் கருத்து, ஈறு வீங்கி, சீழ் நாற்றம்.

பல்வலிடா சாமி. வலிக்கிற இடத்தில் அடித்துக்கொண்டிருந்திருக்கிறான், நாங்கள் எல்லோரும் சேர்ந்து அதை 'நடத்தைப் பிரச்சினை' ஆக்கி மாத்திரை கொடுத்திருக்கிறோம். குறைபாட்டைக் காரணம் காட்டி நோயைக் கவனிக்காமல் விடுவதற்கு டயக்னாஸ்டிக் ஓவர்ஷேடோயிங் என்று மருத்துவத்தில் பெயரே இருக்கிறது என்று பிற்பாடுதான் தெரிந்தது.

அந்த இல்லத்தில் யாரும் அவனை அடிக்கவில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஒரு ஆளுக்குப் பன்னிரண்டு பேர், விடிந்தால் குளிப்பாட்டி, துணி மாற்றி, ஊட்டிவிட்டு முடிப்பதற்குள் மத்தியானம் ஆகிவிடும், இதில் பல் தேய்த்துவிடுவதுதான் முதலில் விட்டுப்போகும். அந்த ஆள்மேல் எனக்குக் கோபம் இல்லை. பன்னிரண்டு பேருக்கு ஒரு ஆள் போதும் என்று கணக்குப் போட்டவர்மேல்தான் கோபம். ஆனால் ஒன்று, பல் தேய்த்தார்களா என்று யாரும் பார்க்காத இடத்தில், அடித்தார்களா என்றும் யாரும் பார்க்கப்போவதில்லை.

நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் வில்லோபுரூக் என்று, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காக அரசு நடத்திய ஒரு பெரிய காப்பகம் இருந்தது. நாலாயிரம் பேருக்குக் கட்டிய இடத்தில் அறுபதுகளில் ஆறாயிரம் பேருக்கு மேல் அடைத்து வைத்திருந்தார்கள். 1965-ல் செனட்டர் ராபர்ட் கென்னடி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியில் வந்து வெளிப்படையாகவே கண்டித்தார். அவ்வளவு பெரிய மனுஷன் சொல்லியும் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. 1972-ல் ஹெரால்டோ ரிவேரா என்ற இளம் நிருபர் கேமராவோடு உள்ளே புகுந்து, துணியில்லாமல் தரையில் கிடந்தவர்களைத் தொலைக்காட்சியில் காட்டிய பிறகுதான் ஊர் கொதித்தது, பெற்றோர் வழக்குப் போட்டார்கள். மூடியது 1987-ல். அதெல்லாம் அந்தக் காலம் என்று சொல்ல வராதீர்கள். இங்கிலாந்தில் பிரிஸ்டல் பக்கம் விண்டர்போர்ன் வியூ என்று இவர்களைப் போன்றவர்களுக்கான தனியார் மருத்துவமனை, வெறும் 24 படுக்கை, ஒரு ஆளுக்கு வாரம் சராசரியாக 3,500 பவுண்டு கட்டணம். அதாவது கூட்டமும் இல்லை, பணத்துக்கும் குறைவில்லை. அங்கே வேலை பார்த்த மூத்த செவிலியர் ஒருவர் நடக்கும் கொடுமையை நிர்வாகத்துக்கும் சொன்னார், கண்காணிப்பு ஆணையத்துக்கும் சொன்னார், யாரும் அசையவில்லை. 2011-ல் பிபிசி ரகசிய கேமராவில் பிடித்துக் காட்டிய பிறகுதான் 11 பேர்மேல் குற்றம் உறுதியாகி, 6 பேர் சிறைக்குப் போனார்கள். புகார் முதலிலேயே வந்துவிட்டது, படிக்கத்தான் ஆள் இல்லை.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக ஐ.நா. 2006-ல் கொண்டுவந்த உடன்படிக்கையின் 16-வது பிரிவு, இவர்களுக்காக நடக்கிற எல்லா இடங்களையும் சுதந்திரமான அமைப்பு கண்காணிக்க வேண்டும் என்கிறது. நல்ல பிரிவு. ஆனால் வருகிற தேதியைச் சொல்லிவிட்டு வரும் அதிகாரி பார்ப்பது அன்றைக்குப் போட்ட புதுப் படுக்கை விரிப்பைத்தான். நீங்கள் போனால் சொல்லாமல் போங்கள். சாப்பாட்டு நேரத்தில், ராத்திரி எட்டு மணிக்கு, விடுமுறை நாளில் போங்கள். ராத்திரி எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். இடுப்புப் பட்டையில் எந்த ஓட்டையில் மாட்டியிருக்கிறது என்று பாருங்கள், எடை இறங்குவது தெரிந்துவிடும். காயம் இருந்தால் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். குறிப்பிட்ட ஒரு ஆள் உள்ளே வரும்போது மட்டும் உடம்பு சுருங்குகிறதா, புதிதாகப் படுக்கையை நனைக்கிறார்களா, தலையணை உறைக்குள் சோற்றை ஒளித்து வைக்கிறார்களா என்று கவனியுங்கள். சந்தேகம் வந்தால் "அவன் அடிச்சானா?" என்று பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள், "என்ன ஆச்சு?" என்று மட்டும் ஒரு தடவை கேட்டு, வந்த பதிலை அப்படியே எழுதி வைத்துவிட்டு டாக்டரிடமும் போலீசிடமும் போங்கள். பாலியல் கொடுமையோ என்று தோன்றினால் குளிப்பாட்டாதீர்கள், துணியைத் துவைக்காதீர்கள்.

இன்னொன்று, இதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. முப்பது வருடமாக நாங்கள் தம்பிக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான், சொன்னால் கேட்க வேண்டும். கையைத் தூக்கு, சட்டையைக் கழற்று, திரும்பி நில், சமர்த்து. யார் சொன்னாலும் செய்வான். கெட்ட எண்ணத்தோடு வருகிறவனுக்கு இதைவிட என்ன வசதி வேண்டும்? பேச வராதவர்களுக்குக் கொடுக்கிற பட அட்டையில் தண்ணீர் இருக்கும், சாப்பாடு இருக்கும், பாட்டு இருக்கும். தம்பியுடையதில் 'வேண்டாம்' இல்லை, 'வலிக்குது' இல்லை, 'பயமா இருக்கு' இல்லை, மறைவான உறுப்புக்குப் படமே இல்லை. நானே வரைந்து சேர்த்தேன். 'வேண்டாம்' படத்தை முதலில் என்மேலேயே பிரயோகித்தான், நகம் வெட்டப் போனபோது. நெயில் கட்டரைக் கீழே வைத்துவிட்டேன். வைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் படத்துக்கு அர்த்தமே இல்லை. (மறுநாள் வெட்டவிட்டான்.)

இப்போது வேறு இல்லத்தில் இருக்கிறான். போனதும் முதலில் பாத்ரூமுக்குத்தான் போவேன், அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு இது தெரியும், சிரிப்பார்கள், சிரிக்கட்டும். போன வாரம் தம்பியின் பிரஷ் ஈரமாக இருந்தது. சும்மா பக்கத்து டம்ளரில் இருந்ததையும் தொட்டுப் பார்த்தேன். காய்ந்து விறைத்திருந்தது. அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், பார்க்க யாரும் வருவதில்லையாம். மேலாளரிடம் வாயாலும் சொன்னேன், எழுதியும் கொடுத்துவிட்டு வந்தேன். நாளைக்கு ராத்திரி திரும்பப் போகிறேன், சொல்லவில்லை.