பள்ளிவாசலை வரையப் போகிறவர்களுக்கு

சித்திரப் பட்டப்படிப்பின் இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்கு இஸ்லாமியக் கட்டடக் கலையை நவீன பாணியில் வரைந்தேன். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துத் தம்பி தங்கைகள் இதைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

தூரிகையை எடுக்குமுன் கவராயத்தையும் அடிமட்டத்தையும் எடுங்கள். ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம், அதே சதுரத்தை 45 பாகை திருப்பி இன்னொன்று. எட்டுமுனை நட்சத்திரம் வந்துவிடும். கவராயத்தின் அகலத்தை மாற்றாமல் வட்டத்தின் மேலேயே குத்திக்கொண்டு போனால் ஆறு புள்ளிகள் கிடைக்கும், அறுகோண வடிவங்கள் அங்கிருந்து தொடங்கும். ஸ்பெயினிலுள்ள அல்ஹம்ரா அரண்மனையின் சுவர்களைப் படத்தில் பார்த்துக் கண்மதிப்பில் வரைந்தால் சில வரிசைகளிலேயே கோடு விலகிவிடும். அளந்து வரைந்து பழகியவருக்கு எந்தக் கோட்டை விட்டுவிடலாம் என்பதும் தெரியும். நவீன பாணி அங்கேதான் பிறக்கிறது என்று நம்புகிறேன்.

ஸ்பெயினின் கொர்டோபாப் பழைய பள்ளிவாசலின் சிவப்பு வெள்ளை வளைவுகளைப் பாருங்கள், கொழும்புப் புறக்கோட்டையில் 1909இல் கட்டி முடித்த சிவப்புப் பள்ளிவாசலையும் பாருங்கள். அப்புறம் தமிழ்நாட்டின் கீழக்கரை, காயல்பட்டினத்துப் பழைய பள்ளிவாசல்கள். அங்கே கற்றூண்கள் கோயில் தூண்களைப் போலவே எழும்பி நிற்கும், ஆனால் மனித உருவம் இருக்காது, பூவும் கொடியும்தான். தமிழ் பேசும் முஸ்லிம்களின் கலை மரபை இதைவிடத் தெளிவாக எதுவும் எனக்குக் காட்டியதில்லை. வாய்மொழிப் பரீட்சையில் மரபு பற்றிக் கேட்டபோது இந்தத் தூண்களைத்தான் சொன்னேன்.

நிறத்துக்கு நம்மூர் வெயிலே பாடம். வெள்ளைச் சுவரின் நிழலுக்குச் சாம்பல் நிறம் போடாதீர்கள். சுவரில் விழும் நிழல் வானத்தின் நீலத்தை வாங்கியிருக்கும். வளைவின் அடிப்புறத்தில் மணலில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் இளமஞ்சளாக ஏறியிருக்கும். அல்ட்ராமரைன் நீலத்தில் துளி பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, நிறைய வெள்ளை சேர்த்தால் அந்த நிழல் கிடைக்கும்.

இந்தச் சூட்டில் அக்ரிலிக் வண்ணம் தட்டிலேயே காய்ந்துவிடும். ஈரத் துணிமேல் கேக் சுடும்போது விரிக்கும் பார்ச்மென்ட் தாளை விரித்து அதில் கலக்குங்கள். கூர்மையான விளிம்பு வேண்டுமென்றால் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் ஓரத்தில் முதலில் அடிநிறத்தையே பூசிக் காயவிடுங்கள். பிறகு மேல்நிறம் கசியாது.

வரைய உட்காருமுன் பள்ளிவாசல் நிர்வாகத்திடம் சொல்லிவிடுங்கள். லுஹர் என்ற நண்பகல் தொழுகை முடிந்து கூட்டம் கலைந்த பின் போனால் நல்லது. அஸர் என்ற பிற்பகல் தொழுகை நேரத்தை நெருங்க நெருங்க வெயில் சாயும், வளைவுகளின் ஆழம் நன்றாகத் தெரியும்.