டோரஸில் வாத்து தானாகவே வரும்

ஓர் அளவு வேகமாகவும் இன்னொன்று மெதுவாகவும் மாறும் சமன்பாடுகளில் கேனார்ட் என்றொரு விசித்திரமான பாதை உண்டு. சமதளத்தில் அதைப் பார்க்கத் தவம் கிடக்க வேண்டும். வேகமான அளவு அசையாமல் நிற்கும் கோட்டில் பக்கத்துப் பாதைகளை இழுக்கும் பகுதி ஈர்க்கும் கிளை, தள்ளிவிடும் பகுதி விலக்கும் கிளை. விலக்கும் கிளையை ஒட்டியே கணிசமான தூரம் போகிற எல்லைச் சுழலைத்தான் (தனித்து நிற்கும் மூடிய பாதை) கேனார்ட் என்கிறார்கள், பிரெஞ்சில் வாத்து. 1981இல் பிரான்ஸில் பெனுவாவும் கூட்டாளிகளும் வான் டெர் போல் சமன்பாட்டில் (தானாக அலையும் மின்சுற்றுக்கானது) அதை ஆராய்ந்தபோது வரைபடம் அப்படித்தான் தெரிந்ததாம். அங்கே எப்சிலான் (மெதுவான அளவு எவ்வளவு மெது என்று சொல்லும் சிறிய எண்) போக இன்னொரு அளவுருவையும் மயிரிழை சுத்தமாகத் திருக வேண்டும்.

டோரஸில், அதாவது உளுந்துவடையின் மேற்பரப்பில், அந்தத் தொல்லை இல்லை என்று 2001இல் குக்கன்ஹைமரும் இல்யாஷென்கோவும் காட்டினார்கள். எளிய உதாரணம் ஒன்று (எக்ஸும் ஒய்யும் வடையைச் சுற்றும் இரண்டு கோணங்கள்): எக்ஸின் வேகம் 1.5 − கோசைன் எக்ஸ் − கோசைன் ஒய், ஒய்யின் வேகம் எப்சிலான். எக்ஸின் வேகம் பூச்சியமாகும் கோடு ஒரு மூடிய வளைவு; இடப்பாதி ஈர்க்கும், வலப்பாதி விலக்கும், இரண்டும் சேருமிடங்களான ஒய் = ±60 பாகையில் இரண்டு மடிப்புகள். ஈர்க்கும் கிளையோடு வந்த பாதை மேல் மடிப்பில் கழன்று, எக்ஸ் திசையில் கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டே (எப்சிலான் 0.01 என்றால் சுமார் 100 சுற்று) கீழ் மடிப்புக்கு வந்து சேரும். சரி, எப்சிலானைக் கொஞ்சம் குறைத்தால்? சுற்று கூடும், வந்து சேரும் இடமும் நகரும், எப்போதாவது ஒரு தடவை விலக்கும் கிளையின் வாயிலேயே போய் விழுந்துதான் ஆக வேண்டும். 0.01 பக்கத்தில் எப்சிலான் ஏறக்குறைய 0.0001 குறையும்போதெல்லாம் ஒரு தடவை இது நடக்கும். இதற்கு வேறு அளவுருவே வேண்டாம், இந்த வாதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இப்படி நடக்கும் எப்சிலான் மதிப்புகள் சின்னச் சின்ன ஜன்னல்களாக அமையும். அந்த ஜன்னல்களுக்குள் சரியாக இரண்டு எல்லைச் சுழல்கள், ஒன்று நிலையானது, மற்றது நிலையற்றது, இரண்டும் வாத்துகள்தான். ஆனால் ஜன்னல் ஒவ்வொன்றும் படுகுறுகல். 0.01இலேயே ஈர்க்கும் கிளையை முழுதாகக் கடப்பதற்குள் பாதைகளின் இடைவெளி, புள்ளிக்குப் பின் சுமார் 60 சுழியம் போடும் அளவுக்குச் சுருங்கிவிடும். 16 இலக்கம் வைத்திருக்கும் கணினியில் எப்சிலானைச் சும்மா நகர்த்திப் பார்த்தால் ஒன்றும் சிக்காது.

அதனால் விலக்கும் கிளையைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள், அப்போது அது ஈர்க்கும். ஈர்க்கும் கிளையை முன்னோக்கி ஓட்டி இரண்டையும் ஒய் = 180 பாகையில் ஒப்பிடுங்கள். இந்த உதாரணத்தில் சமச்சீர் இருப்பதால் பாதி வேலை மிச்சம்: முன்னோக்கி வந்த பாதை அங்கே எக்ஸ் = 0 அல்லது 180 பாகையில் நின்றால் வாத்து வந்துவிட்டது.