எப்வர்த்தின் செங்கல் குருமனை

மட்டக்களப்பில் வளர்ந்த எனக்கு வெஸ்லி என்ற பெயர் புதிதன்று; 1814இல் அங்கு வந்த மிசனரி வில்லியம் ஓல்ட் தொடங்கிய பள்ளிக்கூடமே இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. மெதடிஸ்த சபையின் மூலவர்களான ஜோன், சார்ள்ஸ் வெஸ்லி சகோதரர்கள் பிறந்த எப்வர்த்துக்கு, இங்கிலாந்தின் லிங்கன்ஷயரின் தட்டையான வயல்களைக் கடந்து கடந்த மாதம் போயிருந்தேன்.

அவர்களுடைய தந்தை, ஊரின் ரெக்டர் (பங்குக் குரு) சாமுவேல் வெஸ்லி வாழ்ந்த குருமனை, சிவந்த செங்கல் முகப்பும் ஒழுங்காக அடுக்கிய யன்னல்களுமாக நிற்கிறது. ஆனால் ஜோன் பிறந்த வீடு இதுவன்று. அந்தப் பழைய வீட்டை 1607ஆம் ஆண்டுப் பதிவேடு ஒன்று விவரிக்கிறது: மரச்சட்டமும் சாந்துமான சுவர்கள், வைக்கோல் கூரை, மூன்று தட்டுகள், ஏழு முக்கிய அறைகள், பக்கத்தில் களஞ்சியம், புறாக்கூடு, சணல் உலர்த்தும் சூளை. ரெக்டரின் வருமானம் ஊரார் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கும் கோயில் நிலத்தின் பயிரும் என்பதால், குருமனை பாதி கமக்காரர் வீடாகவே இருந்தது.

1709 பெப்ரவரி 9ஆம் திகதி இரவு அந்த வைக்கோல் கூரை தீப்பற்றியது. எல்லாரும் வெளியேறிய பிறகுதான் ஐந்து வயது ஜோன் மேல்மாடியில் அகப்பட்டிருப்பது தெரிந்தது. ஏணி தேட நேரமில்லாததால், ஒருவர் தோளில் மற்றொருவர் ஏறி யன்னல் வழியாகப் பிள்ளையை இறக்கினார்கள். உடனே கூரை உள்ளே சரிந்தது.

பட்டறிவு அடுத்த வீட்டைச் செங்கல்லில் கட்டவைத்தது. செலவு ஏறத்தாழ 400 பவுண். கடனுக்காக 1705இல் லிங்கன் கோட்டைச் சிறையில் இருந்த சாமுவேலுக்கு இது அளவுக்கு மீறிய வீடு என்றே எனக்குப் படுகிறது. பல ஆண்டுகள் கழிந்தும் அறைகளுக்குப் போதிய தளபாடம் இருக்கவில்லை.

நான் அதிக நேரம் நின்றது சமையலறையில். 1711–12 குளிர்காலத்தில் சாமுவேல் லண்டனில் இருந்தபோது, அவருடைய மனைவி சுசானா ஞாயிறு மாலைகளில் பிள்ளைகளுக்குச் சொன்ன செபத்துக்கு அயலாரும் வரத் தொடங்கி, கூட்டம் 200 பேரளவில் பெருகியது. உதவிக் குரு சாமுவேலுக்குக் கடிதம் எழுதி முறையிட்டார். சுசானாவோ நிறுத்தச் சொல்வதானால் தெளிவான கட்டளையாகவே தாருங்கள் என்று கணவருக்குப் பதில் எழுதினார். அந்த அடுப்பங்கரையைச் சுற்றி இத்தனை பேர் எப்படி நின்றார்கள் என்று கண்ணால் அளந்து பார்த்தேன். கணக்கு ஒத்துவரவில்லை, வாசலுக்கு வெளியேயும் நின்றிருக்க வேண்டும்.

1950களில் உலக மெதடிஸ்த மன்றம் வாங்கும்வரை இங்கே குருமாரே குடியிருந்தார்கள். கடைசியாகக் கூரையடி அறைக்கு ஏறினேன். 1716 டிசம்பரில் தொடங்கி இரண்டு மாதமளவு வீட்டைத் தட்டி அலைக்கழித்த ஆவிக்குப் பிள்ளைகள் 'ஜெஃப்ரி' என்று பெயரிட்டிருந்தார்கள். காவலுக்கு வைத்த பெரிய நாய் முதல் நாள் குரைத்துவிட்டு, பிறகு வீட்டார் பின்னால் ஒளிந்ததாம். எனக்குக் கேட்டது காலடிப் பலகையின் முனகல் மட்டுமே.